முதுகு பார்க்கும் புஷ்பவல்லி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அரிசிக்கடையின் மாடியில் செவ்வாய், வெள்ளி மாலைகளில் தியான வகுப்பு நடந்தது. அதற்குப் புஷ்பவல்லி முதன்முதலில் போனது முதுகு வலிக்காக. மன அமைதி வேண்டும் என்றெல்லாம் போகவில்லை. மனம் நன்றாகத்தான் இருந்தது; முதுகுதான் படுத்தியது.

அது அரசாங்கத்துக்காக உழைத்த முதுகு. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கோலாலம்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். காதில் ஹெட்செட்டை மாட்டி, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து, ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைத்துக்கொண்டே இருப்பாள். ஆபரேட்டர்களின் வரிசைக்குப் பின்னால் மிஸஸ் மார்க்கிரட் என்ற சூப்பர்வைசர் ரப்பர் செருப்போடு சத்தமில்லாமல் நடப்பார். யாராவது கொஞ்சம் குனிந்தால் போதும், தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு விரல் வந்து குத்தும். கூனிக்கொண்டு பேசினால் அந்தப் பக்கம் கேட்கிறவருக்கு அது தெரிந்துவிடும் என்பது அவருடைய கட்சி. மார்க்கிரட் ஓய்வு பெற்றதும் அந்த இடத்துக்குப் புஷ்பவல்லி வந்தாள். அந்த விரலும் கூடவே அவளிடம் வந்து சேர்ந்தது.

பிறகு எல்லா ஊருக்கும் ஆபரேட்டர் இல்லாமலே எண்ணைச் சுழற்றிப் பேசலாம் என்று ஆயிற்று. எக்ஸ்சேஞ்சில் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாயின. மெஷினுக்கு முதுகு கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் புஷ்பவல்லி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிள்ளானில் வீட்டோடு இருந்தாள்.

பிள்ளைகள் இரண்டும் வெளியூரில். வீட்டில் கண்ணுக்கு முன்னால் இருந்த ஒரே முதுகு கணவர் வாசுவுடையது. துறைமுகக் கிடங்கில் கிளார்க் வேலை. தங்கமான மனிதர். ஆனால் உட்கார்ந்தால், எலும்பையெல்லாம் ஆபீசிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தவர்போல் சோபாவில் வழிந்து கிடப்பார்.

"என்னங்க, நிமிர்ந்து உக்காருங்க."

"நிமிர்ந்துதான் லா இருக்கேன். சோபாதான் வளைஞ்சிருக்கு."

இப்படியே கொஞ்ச நாள் போனது. அவளுடைய முதுகில் வலி கண்டபோது வாசுதான் பிரிக்பீல்ட்ஸ் வகுப்பைப் பற்றி விசாரித்துச் சொன்னார். வாரத்தில் இரண்டு மாலை சோபா தனக்கு மட்டும் கிடைக்கும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம். ஆனால் அவரே தன்னுடைய பழைய டட்சன் காரில் அவளைக் கொண்டுபோய் விட்டு, கூட்டிவரவும் வேண்டியிருந்தது.

வகுப்பை நடத்தியவர் கனகலிங்கம். ரயில்வே கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் அந்தப் பேச்சு அவரிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. இடுப்பு மூட்டு தேய்ந்துபோய், அவர் மட்டும் பிரம்பு நாற்காலியில் உட்காருவார். வகுப்பு தொடங்கும்போது எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்லுவார்.

"ஏதாவது மடிச்சுப் போட்டு இடுப்பை உயர்த்துங்கோ. இடுப்பு முழங்காலுக்கு மேல நிக்கவேணும். முழங்கால் ரெண்டும் பாயில படவேணும். அப்ப முதுகு தன்பாட்டில நிமிரும். இழுத்துப் பிடிக்க வேண்டாம், இது பொலிஸ் பரேட் இல்லை. தோளைத் தொங்க விடுங்கோ. நாடியைக் கொஞ்சம் உள்ளுக்கு எடுங்கோ. நாக்கு மேலண்ணத்தில இருக்கட்டும். இனிக் கண்ணை மூடி, மூக்கு நுனியில மூச்சு வந்து போறதைப் பாருங்கோ."

புஷ்பவல்லி அத்தனையையும் வரி தவறாமல் செய்தாள், கடைசி வரியைத் தவிர. அவள் உட்கார்ந்த அழகைப் பார்த்து மற்றவர்கள் மூக்கின் மேல் விரல் வைத்தார்கள். சில வாரங்களில் முதுகு வலியும் போய்விட்டது. ஆனால் கண்ணை மூடினால்தான் பிரச்சினை. மூடிய உடனே அவளுக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வரும்: பின்னால் யாரோ வளைந்திருக்கிறார்கள்.

ஒரு கண்ணை மெல்லத் திறந்து பார்ப்பாள். வளைந்துதான் இருப்பார்கள்.

"தம்பி, தோளு" என்று பக்கத்தில் இருக்கும் பாலனிடம் கிசுகிசுப்பாள். பாலன் பேங்கில் வேலை பார்க்கும் சாதுவான ஆள். தூக்கிவாரிப் போட்டு நிமிர்வார். "அக்கா, நாடி." "அங்கிள், முழங்கால்." அமைதியான ஹாலில் அந்தக் கிசுகிசுப்பு கீழே அரிசிக்கடை வரைக்கும் கேட்டது.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும் கனகலிங்கம் அவளைக் கூப்பிட்டார். இனி வரவேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"பிள்ளை, நீங்கள் சொல்லுறதெல்லாம் சரி. ஆனால் வாயால திருத்தினால் எல்லாருக்கும் கேக்குது. கையால திருத்துங்கோ, ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும். எனக்கும் எழும்பி நடக்க ஏலாது. நீங்கள் பின்னால நிண்டு பாத்துக்கொள்ளுங்கோ."

அன்றைக்கு டட்சனில் கிள்ளான் போய்ச் சேரும் வரைக்கும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். பெடரல் ஹைவேயில் பெட்டாலிங் ஜெயா தாண்டியது, சுபாங் தாண்டியது, எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. "மறுபடியும் சூப்பர்வைசர் ஆயிட்டேங்க" என்றாள் கடைசியில். வாசு ஸ்டியரிங்குக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அந்த மாடியில் வளைந்த முதுகு என்று ஒன்று மிஞ்சவில்லை. ரப்பர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு பூனைபோல் நடப்பாள். விரல் வரும். முதுகு நிமிரும். தோள் ஏறியிருந்தால் இரண்டு உள்ளங்கையையும் வைத்து மாவு அமுக்குவதுபோல் இறக்கிவிடுவாள்.

அவளுடைய பெரிய கண்டுபிடிப்பு டெலிபோன் புத்தகம். மடித்த துண்டு கொஞ்ச நேரத்தில் அமுங்கிவிடுகிறது, இடுப்பு இறங்கிவிடுகிறது என்று அவளுக்குக் கவலை. புதுப் பதிப்பு வந்தால் பழைய டெலிபோன் புத்தகங்கள் ஆபீசில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பழைய தோழிகளிடம் சொல்லி வாங்கிவந்து, சாரோங் துணியில் உறை தைத்து அடுக்கிவிட்டாள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு புத்தகம், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கனம். ஆளைப் பார்த்த உடனே எந்த ஊர் வேண்டும் என்று சொல்லிவிடுவாள்.

"பாலன், பேராக் உனக்கு ஜாஸ்தி. நெகிரி செம்பிலானுக்கு எறங்கு."

நல்லம்மாள் அரிசிக்கடை வாசலில் வடை சுட்டு விற்கிறவள்; வகுப்புக்கும் வருவாள். நல்ல கனத்த உடம்பு. எதைப் போட்டாலும் முழங்கால் அந்தரத்தில் தொங்கும்.

"சிலாங்கூர் போட்டும் தொங்குது புஷ்பா."

"இருங்கக்கா, மேல பினாங்கு ஒண்ணு போடுறேன். முழங்காலுக்கு அடியில துண்டு வச்சுக்கலாம்."

சிலாங்கூருக்கு மேல் பினாங்கைப் போட்டு உட்கார்ந்ததும் நல்லம்மாளின் முழங்கால் இறங்கியது, முதுகு தானாக எழுந்தது. "அடடே, மூச்சு வயித்து வரைக்கும் போகுதே" என்றாள். அதைக் கேட்டதும் புஷ்பவல்லிக்குத் தானே மூச்சு விட்டதுபோல் இருந்தது.

பழக்கம் மாடியோடு நிற்கவில்லை. பஸ் ஸ்டாப்பில், கிளினிக்கில், பாசாரில் மீன் வெட்டுகிறவரிடம்கூட விரல் நீண்டது. பங்சாரில் சொந்தக்காரப் பெண்ணின் கல்யாணத்தில், மணவறையில் மாப்பிள்ளை கூன் போட்டு உட்கார்ந்திருப்பதைக் கீழே இருந்து பார்த்தாள். அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. ஆசீர்வாதம் பண்ணப் போகிறவள்போல் மேடையேறிப் பின்பக்கமாகப் போய் ஒரு குத்து வைத்தாள். மாப்பிள்ளை மடியில் இருந்த தட்டோடு துள்ளினார். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இன்னும் இருக்கிறது. மாப்பிள்ளை மட்டும் எதையோ கண்டு பயந்தவர்போல் கம்பீரமாக இருப்பார். இன்னொரு முறை ஒரு சாவு வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்களை எல்லாம் நிமிர்த்தி உட்காரவைத்தாள். நல்லவேளை, இறந்தவர் படுத்திருந்தார்.

இப்படி மூன்று நான்கு வருடம் ஓடிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து படி இறங்கும்போது நல்லம்மாள் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏன் புஷ்பா, இன்னிக்கு எனக்கு உள்ளுக்குள்ள அப்படியே கடல் மாதிரி இருந்துச்சு. உனக்கு எப்படி இருக்கும்?"

புஷ்பவல்லி ஒரு படியைத் தவறவிட்டுச் சமாளித்தாள். "அதெல்லாம் வார்த்தையில சொல்ல முடியாதுக்கா" என்றாள்.

அது உண்மைதான். சொல்ல ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் ஒரு நாள்கூடக் கண்ணை மூடி முழுதாக உட்கார்ந்ததில்லை. வீட்டில் தனியாக முயன்று பார்த்தாள். அடுத்த அறையில் வாசு சோபாவில் எப்படிக் கிடப்பார் என்று முதுகுத்தண்டு முழுக்க ஒரு அரிப்பு எடுத்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். அப்படித்தான் கிடந்தார்.

இந்தச் சமயத்தில்தான் அவள் கண் மங்கத் தொடங்கியது. விளக்குகளைச் சுற்றி வட்டம் தெரிந்தது. ஆட்கள் எல்லாரும் கண்ணாடித்தாளுக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல் இருந்தார்கள். யாரிடமும் சொல்லவில்லை. முதுகு பார்க்க இது போதும் என்று நினைத்தாள். ஒரு மாலை ஹாலின் மூலையில் யாரோ புதியவர் சுவரில் சாய்ந்தபடி நிற்பது தெரிந்தது. வகுப்பு நேரத்தில் நிற்பதே தப்பு. சாய்ந்து நிற்பது இன்னும் தப்பு. அவள் போய், "சுவத்துல சாயாதீங்க அங்கிள், உக்காருங்க" என்று மெல்லச் சொல்லி முதுகில் ஒரு விரல் வைத்தாள். அங்கிள் அப்படியே சரிந்து தடால் என்று விழுந்து, ஹாலின் நடுவில் நீளமாக விரிந்தார். வகுப்புக்கு வாங்கி வைத்திருந்த புதுப் பாய்ச் சுருள் அது. தியானத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் திறந்து, விரிந்து கிடந்த பாயையும் அதற்குப் பக்கத்தில் விரலை நீட்டியபடி நின்ற புஷ்பவல்லியையும் பார்த்தார்கள்.

மறுநாளே வாசு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் போட்டு அனுப்பினார்கள். இடது கண்ணில் தெரிந்ததெல்லாம் கஞ்சித் தண்ணீர்தான். சீன டாக்டர் மலாயில் கண்டிப்பாகச் சொன்னார்: "ஜாங்கான் துண்டோக்." குனியவே கூடாது, எந்நேரமும் நேராக இருக்க வேண்டும். புஷ்பவல்லி கட்டுக்குக் கீழே சிரித்தாள். "முப்பது வருசமா இதைத்தானே நானும் சொல்றேன்" என்றாள் வாசுவிடம்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் வாரமே வகுப்புக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். "நான் இல்லாட்டி எல்லாம் சாஞ்சிரும்."

வாசு கையைப் பிடித்துப் படியேற்றிக் கொண்டுபோனார். முன் வரிசையில் கோலாலம்பூர் புத்தகத்தின் மேல் உட்கார வைத்துவிட்டு, தானும் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்தார். கனகலிங்கம் வழக்கமானதைச் சொன்னார். மணி அடித்தது. மாடி அமைதியானது. கீழே யாரோ அரிசி அளந்து கொட்டும் சத்தம், தூரத்தில் ரயில், தலைக்கு மேல் காற்றாடி. புஷ்பவல்லிக்கு உடம்பு கொதித்தது. பின்னால் முப்பது முதுகுகள். ஒன்றுகூடத் தெரியவில்லை.

"என்னங்க" என்றாள் மூச்சோடு மூச்சாக. "பாலன் எப்படி இருக்கான்?"

வாசு திரும்பிப் பார்த்தார். பாலன் சுவரில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்து வைத்திருந்தார். நல்லம்மாள் சிலாங்கூரையும் பினாங்கையும் எடுத்து முதுகுக்குக் கொடுத்து, இரண்டு காலையும் முன்னால் நீட்டியிருந்தாள். பள்ளிக்கூடம் விட்ட மாதிரி அத்தனை பேரும் அவரவர் இஷ்டத்துக்குக் கிடந்தார்கள். அத்தனை பேர் முகத்திலும் சொல்ல முடியாத ஒரு நிம்மதி.

"நேரா இருக்கான்" என்றார் வாசு.

"நல்லம்மா அக்கா?"

"நேரா இருக்காங்க."

"தோளு?"

"தொங்குது."

"எல்லாருமா?"

"எல்லாருமே லா. போட்டோ புடிக்கலாம். அப்படி இருக்காங்க."

வாசு பொய் சொல்லமாட்டார் என்று அவளுக்கு நம்பிக்கை. சோபா விஷயம் தவிர வேறு எதிலும் சொன்னதில்லை. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். விட்ட மூச்சு மூக்கு நுனியில் சூடாகப் போவது தெரிந்தது. திரும்பக் குளிர்ச்சியாக வந்தது. இது இத்தனை நாளும் இங்கேதான் இருந்ததா என்று அவளுக்கு ஆச்சரியம். இன்னொரு முறை போனது, இன்னொரு முறை வந்தது. யாரும் அவளை இணைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எக்ஸ்சேஞ்சில்போல் எந்த விளக்கும் எரிந்து கூப்பிடவில்லை. முழங்கால் பாயில் இருந்தது, இடுப்பு புத்தகத்தில் இருந்தது, நடுவில் அவள் சும்மா இருந்தாள்.

முடிவு மணி அடித்தபோது அவளுக்கு யார் மீதோ கோபமாக இருந்தது, ஏன் இவ்வளவு சீக்கிரம் அடித்தார்கள் என்று. அழவேண்டும்போல் இருந்தது. கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அழவில்லை.

கட்டு பிரிக்கும் வரைக்கும் ஒரு வகுப்பையும் விடாமல் போனாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள், வாசுவும் எல்லாரும் நேராக இருக்கிறார்கள் என்பார், அவளும் நிம்மதியாக உள்ளே போய்விடுவாள்.

பிறகு கட்டை அவிழ்த்து, தடித்த கண்ணாடி ஒன்றும் கொடுத்தார்கள். உலகம் சோப்புப் போட்டுக் கழுவியதுபோல் இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் வாசுவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, மணி அடித்த பிறகு மெதுவாகப் படியேறிக் கதவோரம் நின்று பார்த்தாள்.

மாடி முழுக்க மூட்டை மூட்டையாக ஆட்கள். நீட்டிய கால்கள், கவிழ்ந்த தலைகள், சுவரோடு ஒட்டிய முதுகுகள். பாலன் லேசாகக் குறட்டை விட்டார். நல்லம்மாளுக்கு அடியில் எந்த ஊரும் இல்லை. அவள் விரல் தானாக எழுந்தது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. கனகலிங்கம் மட்டும் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார்.

அவள் கீழே இறங்கிப் போய் டட்சனில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எல்லாரும் நேரா இருக்காங்கன்னீங்களே" என்றாள்.

வாசு சாவியைத் திருப்பாமல் கையிலேயே வைத்திருந்தார். "பாத்துட்டியா?"

"அப்போ நான் உக்காந்தது?"

"அது நெசம்தானே. நீ உக்காந்ததை நான் பாத்தேன். ஒன் மூஞ்சியை நான் அப்படிப் பாத்ததே இல்ல, புஷ்பா. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

அவளுக்குக் கிள்ளான் வரைக்கும் கோபம்தான். ஆனால் கோபத்துக்கு அடியில், மூச்சு போவதும் வருவதும் தெரிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தவும் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் போகமாட்டாள் என்றே வாசு நினைத்தார். ஆறு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். பிரிக்பீல்ட்ஸில் படி ஏறும் முன்னாலேயே நல்லம்மாள் வடைச்சட்டியை விட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு நல்லாயிருச்சா? சீக்கிரம் வாம்மா. காலை நீட்டி உக்காந்து உக்காந்து இடுப்பு விட்டுப் போச்சு. கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. தூக்கம்தான் வருது."

மேலே பாலன் வெட்கத்தோடு, "அக்கா, எனக்குக் குறட்டை வருதாம்" என்றார்.

புஷ்பவல்லி கனகலிங்கத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "மாஸ்டர், நான் இத்தனை வருசத்துல கண்ணை மூடுனதே இல்ல" என்றாள். எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

"தெரியும் பிள்ளை" என்றார் அவர். "இருக்கிற விதம் பிழையெண்டால் மூச்சும் பிழையாப் போகும். நீங்கள் பாத்தது சரிதான். ஆனால் எவ்வளவு நேரம் பாக்கிறது? முதல் மணி அடிக்கும்வரை பாருங்கோ. அடிச்சபிறகு அவரவர் முதுகு அவரவருக்கு."

அப்படியே முடிவாயிற்று. மணி அடிக்கும் வரைக்கும் அவள் வழக்கம்போல் சுற்றி வந்து, ஊர் ஊராக எடுத்து வைத்து, தோள்களை அமுக்கி, நாடிகளை உள்ளே தள்ளுவாள். மணி அடித்ததும் எல்லாருக்கும் முன்னால் போய், யாரும் கண்ணில் படாதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். முதல் மாதம் பின்பக்கம் தீப்பிடித்ததுபோல்தான் இருந்தது. இரண்டு முறை திரும்பியும் பார்த்துவிட்டாள். பிறகு மெல்ல மெல்லக் குறைந்தது.

இடது கண்ணுக்கும் அடுத்த வருடம் ஆபரேஷன் ஆனது. தொண்ணூறுகளில் ஒரு மாலை, அவள் கண்ணைத் திறந்தபோது ஹால் காலியாக இருந்தது. புத்தகங்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. காற்றாடியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். கனகலிங்கத்தின் நாற்காலி சுவரோரம் திரும்பியிருந்தது. முடிவு மணி அடித்தது அவளுக்குக் கேட்கவே இல்லை. வாசு வாசற்படியில் உட்கார்ந்து காகிதத்தில் இருந்த கடைசி வடையைத் தின்றுகொண்டிருந்தார்.

"எல்லாரும் போயிட்டாங்களா? ஏங்க எழுப்பல?"

"எழுப்பலாம்னுதான் வந்தேன். மாஸ்டர் வேணாம்னுட்டாரு."

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கேன்?"

வாசு கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப்பையில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். வகுப்பு முடிந்து வெகுநேரம் கழித்துக் காரில் ஒட்டிவிட்டுப் போன பார்க்கிங் அபராதச் சம்மன். அவள் கண்ணாடியைச் சரிசெய்து அதில் போட்டிருந்த நேரத்தைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். பிறகு பத்திரமாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நான் கட்டிட்டு வரேன். குடு" என்றார் வாசு.

"கட்டலாம், நாளைக்குக் கட்டலாம்" என்றாள் புஷ்பவல்லி. "நல்லம்மா அக்காகிட்ட ஒருதடவை காட்டிட்டுத் தரேன்."